சின்னாறு செக்போஸ்ட்டை எத்தனை மணிக்குத் தாண்டுவீர்கள்?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் குமுளி வரை சைக்கிளில் போகலாம் என்றிருக்கிறோம். முதல் நாள் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியாக மறையூர். இரண்டாம் நாள் மூணாறு. மூன்றாம் நாள் போடிமெட்டு இறங்கி போடி. நான்காம் நாள் கம்பம், குமுளி. மூன்று பேர் ஞாயிறுதோறும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள். ஒருவர் புதியவர். என் மாமாவுக்கு 54 வயது, கியர் இல்லாத சைக்கிள், ஆனால் வந்தே தீருவேன் என்கிறார். திட்டம் சரிதானா ஐயா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பாதை நல்ல பாதை. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து இடுக்கிக்குப் போக, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மறுபடி மலையேறுவதுதான் சைக்கிளுக்குத் தோது. ஆனால் முதல் நாள் கணக்கு இடிக்கிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம், பொள்ளாச்சி வழியாக உடுமலை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், சமதளம். ‘காலையிலேயே முடித்துவிடுவோம்’ என்று தோன்றும். தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயில் காற்று கிழக்கிலிருந்து வீசும்; நீங்கள் போவதோ கிழக்கே. ஆடியில் முதுகில் கைவைத்துத் தள்ளுகிற அதே கணவாய், ஜனவரியில் நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். ஆடிக்குத் தள்ளிப்போடலாமா என்றால், அப்போது மூணாறில் மழை விடாது. ஆகவே எதிர்காற்றை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். விடியுமுன் கிளம்பி, பலசாலிகள் மூவரும் முறைவைத்து முன்னால் போக, மற்ற இருவரும் அவர்கள் நிழலில் வரட்டும்.

அப்படியும் உடுமலை சேர முற்பகலாகிவிடும். அதற்கு மேல் மறையூருக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டருக்குமேல். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம், பிறகு சின்னாறு சரணாலயம், கடைசிப் பகுதி முழுக்க ஏற்றம். மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிற நேரம் பொழுது சாய்ந்திருக்கும். பொழுது சாய்ந்தால் இருசக்கர வண்டியை விடமாட்டார்கள். விட்டாலும் நீங்கள் போகக்கூடாது. யானைக்கு மோட்டார் சத்தம் தூரத்திலேயே கேட்டுவிடும். சைக்கிளோ வளைவு திரும்பியதும் ஓசையில்லாமல் அதன் எதிரில் போய் நிற்கும். இரண்டு பக்கமும் திடுக்கிடுவதில்தான் ஆபத்து.

எனவே உடுமலையில் தங்குங்கள். மறுநாள் செக்போஸ்ட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்காதீர்கள். சாலையில் நிற்கும் விலங்குகள் விலக, இரண்டு பஸ்ஸும் நாலு ஜீப்பும் முன்னால் போகட்டும். எட்டு மணி வாக்கில் நுழைந்தால் போதும். காட்டுக்குள் ஐவரும் ஒன்றாக, பேசிக்கொண்டே, வளைவுக்கு வளைவு பெல் அடித்துப் போங்கள். படம் எடுக்க நிற்க வேண்டாம். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். சைக்கிளுக்கான கட்டுப்பாடு அவ்வப்போது மாறும் என்பதால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று முடியாது என்றால் வாதாடாமல் ஒரு பிக்கப் வண்டி பிடித்து மறையூரில் இறங்குங்கள். அதில் மானம் போவதற்கு ஒன்றுமில்லை.

மறையூர் மழை மறைவுப் பகுதி. கரும்பு விளையும் ஊர். கொப்பரையில் காய்ச்சி, சூடு ஆறுமுன் கையால் உருட்டிய வெல்லம் கிடைக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஆளுக்கு நாலு உருண்டையும் ஒரு பொட்டலம் வறுத்த கடலையும் சட்டைப்பையில் இருக்கட்டும். பசித்தபின் தின்றால் ஏற்றத்தில் உதவாது, பசிக்குமுன் தின்ன வேண்டும். மறையூரிலிருந்து மூணாறு ஏறும்போது, லக்கம் அருவி தாண்டி வாகுவாரை எஸ்டேட் வரை அதன் அருமை தெரியும்.

அந்த ஏற்றத்தில் சேர்ந்து போக முயலாதீர்கள். இன்னொருவர் வேகத்தில் மலையேறுவதைப்போல் களைப்பு வேறில்லை. அவரவர் வேகத்தில் ஏறி, பேசிவைத்த டீக்கடையில் கூடுங்கள். கடைசி ஆள் வந்து டீ குடித்து முடிக்கும்வரை முதல் ஆள் கிளம்பக் கூடாது. இதைப் புறப்படுமுன் பேசித் தீர்க்காததால் பாதியில் முறிந்த குழுக்கள் உண்டு. பிரெவே என்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம் தருவார்கள். அங்கே யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். உங்கள் மூவருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் அதுதான் என்று ஊகிக்கிறேன். மாமாவுக்குக் கியர் சைக்கிள் இரவல் வாங்குங்கள். பின்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் உள்ள பல்சக்கரம் இருக்க வேண்டும்.

போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் ரிம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். முன், பின் என்று மாற்றி மாற்றி விட்டுப் பிடியுங்கள். நடுவில் நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். விரல் தாங்காவிட்டால் பத்து நிமிடம் உட்காருங்கள்.

குமுளிக்கு வருகிறேன். பொங்கல் என்றால் சபரிமலையில் மகரவிளக்கு. அந்த நாட்களில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவது வழக்கம். அந்த இறங்குகிற கூட்டத்துக்கு எதிரே, லோயர் கேம்ப்பிலிருந்து நீங்கள் ஏற வேண்டியிருக்கும். தேதியை மாற்ற முடிந்தால் நடை சாத்தியபின், ஜனவரி கடைசியில் போங்கள். குடியரசு தினத்தை ஒட்டிய விடுமுறையில் மட்டும் மூணாறில் மாட்டிக்கொள்ளாதீர்கள். மாற்ற முடியாதென்றால் போடியோடு முடித்துக்கொள்ளுங்கள். 2023-லிருந்து அங்கே மீண்டும் ரயில் வருகிறது. மதுரை போய்த் திரும்பலாம். நாலு நாள் கணக்கும் சரியாகிவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. ஐந்து சைக்கிளின் டியூப் அளவையும் வால்வையும் பார்த்து எழுதுங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வு எத்தனை பேருக்கு என்று தெரிய வேண்டும். பைக் பஞ்சர் கடைக் குழாய் அதில் நேராகப் பொருந்தாது. திருகிப் பொருத்தும் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி, இரண்டு பேர் பையில் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள்.