கனியத் தேடலில் இயந்திரக் கற்றல்

மாணவர்களே, "கணினி நிலத்தடிக் கனியத்தைக் கண்டுபிடிக்கிறது" என்று எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. எங்கே முதலில் துளையிடலாம் என்பதைத்தான் கணினி வரிசைப்படுத்தித் தருகிறது. கனியம் உண்டா இல்லையா என்பதைத் துளையே சொல்லும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

நிலத்தைத் தோண்டாமல் அதன் உட்பகுதியை அறிய உதவுவன புவிப்பௌதிக அளவீடுகள். மக்னடைற்று உள்ள பாறை அவ்விடத்துக் காந்தப்புலத்தைச் சற்று மாற்றும். அடர்த்தி கூடிய பாறை ஈர்ப்பை மிகச் சிறிதளவு கூட்டும். ஆனால் ஆழம் குறைந்த சிறிய பாறையும் ஆழத்திலுள்ள பெரிய பாறையும் ஏறக்குறைய ஒரே அளவீட்டைத் தரலாம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தென் அவுஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் சுரங்கத்தைப் பாருங்கள். அங்கே தாதுவின் மேல் 300 மீற்றருக்கும் அதிக தடிப்பில் வேறு பாறை மூடியிருந்தது. மேற்பரப்பில் தடயமே இல்லை. ஈர்ப்பு, காந்தப் படங்கள் இரண்டிலும் உயர்ந்த பெறுமானம் காட்டிய இடத்தில் 1975 இல் ஒரு நிறுவனம் துளையிட்டது. முதல் துளையிலேயே செப்பு கிடைத்தது. அடுத்து இட்ட துளைகளில் பெரும்பாலானவை ஏமாற்றின. பத்தாவது துளைதான் நம்பிக்கை தந்தது. ஈர்ப்பு உயர்வுக்குக் காரணம் அடர்த்தியான எரிமலைப் பாறை என எண்ணியிருந்தார்கள்; வெளிவந்ததோ ஹேமடைற்று நிறைந்த, நொருங்கிய பாறை. அதில் செப்புடன் யுரேனியம், பொன், வெள்ளி என்பனவும் இருந்தன. விளக்கம் பிழை, இடம் சரி!

அன்று படங்களை ஒப்பிட்டவர்கள் மனிதர்கள். இன்று அதே பிரதேசத்தின் தரவுகளைக் கணினியிடம் கொடுக்கிறார்கள். 2020 இல் தென் அவுஸ்திரேலிய அரசு தன் தரவுகளைத் திறந்துவிட்டு, 250,000 அவுஸ்திரேலிய டொலர் பரிசுடன் 'கோலர் சவால்' என்ற போட்டியையே நடத்தியது.

செய்முறை இதுதான். படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரிப்பர். ஒவ்வொன்றுக்கும் ஈர்ப்பு, காந்தப் பெறுமானங்கள் உண்டு. துளையிட்டுப் பார்த்த சதுரங்களுக்கு மட்டும் "உண்டு", "இல்லை" என்ற விடையும் உண்டு. இவையே பயிற்சித் தரவு. இவற்றிலுள்ள தொடர்பைக் கற்ற கணினி, மற்றச் சதுரங்களுக்கு வாய்ப்பைக் கணிக்கும்.

கற்றதைச் சோதிக்கும்போது கவனம் வேண்டும். அடுத்தடுத்த சதுரங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பயிற்சிச் சதுரத்துக்குப் பக்கத்துச் சதுரத்தில் சோதிப்பது, வகுப்பில் செய்த வினாத்தாளையே பரீட்சையில் கொடுப்பது போன்றது. புள்ளி நிறைய வரும், அறிவு தெரியாது. ஆகவே ஒரு பிரதேசத்தை முழுதாக ஒதுக்கிவைத்து அதிலேயே சோதிக்க வேண்டும். இன்னொன்று: பயிற்சியில் இல்லாத வகைத் தாதுவைக் கணினி இனங்காண்பது கடினம். 1975 க்கு முந்திய உதாரணங்களை மட்டும் கற்றிருந்தால் அது ஒலிம்பிக் டாமைப் பட்டியலின் அடியில் போட்டிருக்கவும் கூடும்.

மாதிரி வினா: 1,000 சதுரங்களில் 2 இல் மட்டுமே தாது உண்டு. ஒரு கணினி எல்லாவற்றுக்கும் "இல்லை" என்கிறது. அதன் சரிவீதம் என்ன? அது பயனுள்ளதா?

விடை: 998 சரி, எனவே 99.8%. தாதுள்ள இரண்டு சதுரங்களையும் தவறவிட்டதால் பயனில்லை. (வீதத்தை மட்டும் எழுதி நிறுத்தினால் பாதிப் புள்ளியே.)