குழந்தைக்கு 3டி தெரிகிறதா? மூளையிடமே கேட்போம்!

ஆவடியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு எட்டு மாதம், மாறுகண். "இவனுக்கு 3டி தெரியுமாடா?" என்று அக்கா கேட்டாள். பேசத் தெரியாதவனிடம் எப்படிக் கேட்பது? மூளையிடம் கேட்கலாம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பெலா யூலெஸ் கம்ப்யூட்டரில் உருவாக்கி 1960-ல் வெளியிட்ட புள்ளிப் படங்களே இதற்கு அடிப்படை. ஒரு கண்ணால் பார்த்தால், சிக்னல் போன பழைய டிவி மாதிரி வெறும் புள்ளிகள். இரு கண் படங்களையும் மூளை இணைத்தால்தான் உருவம் எழும். சிவப்பு-பச்சைக் கண்ணாடி அணிவித்து, அந்த உருவத்தை விநாடிக்கு 2 முறை முன்னும் பின்னும் வரச் செய்வார்கள். புள்ளிகளும் ஓயாமல் மாறுவதால் ஒற்றைக் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. பின்மண்டையில் ஒட்டிய எலக்ட்ரோடில் கிடைப்பது சில மைக்ரோவோல்ட்தான். அதில் 2 ஹெர்ட்ஸ் துடிப்பு தெளிவாக இருந்தால் ஆழம் தெரிகிறது. இல்லையென்றால்? குழந்தை திரையையே பார்க்காமல் அழுதிருக்கலாம். மறுபடி எடுக்க வேண்டும்.

"டெஸ்டுக்காகக் காத்திருக்காதே அக்கா, இந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டு" என்றேன். சனிக்கிழமை போகிறோம்.