அடைத்துக்கொண்ட இங்க் பேனாவுக்கு

வருடக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்த இங்க் பேனா எழுதவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பழுது ஒன்றும் இருக்காது. மையிலிருந்த தண்ணீர் வற்றி, சாயம் மட்டும் நிப்புக்கு அடியிலுள்ள நாக்கின் மெல்லிய பள்ளங்களில் காய்ந்து நிற்கும்.

மைக்கூட்டைக் கழற்றிவிட்டு, கழுத்துப் பகுதியை நிப்பு மூழ்கும்படி பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க நிற்க வையுங்கள். நீலம் இழை இழையாக இறங்குவது கண்ணுக்கே தெரியும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிடுவதுதான் முக்கால் வேலை, அவசரப்படக் கூடாது. அதற்கும் அசையாத மைக்கு, ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு. ஊசியில்லாத சிரிஞ்சால் பின்பக்கமிருந்து மெதுவாகப் பீய்ச்சி, பிறகு சோப்பு போக நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

வெந்நீர் வேண்டவே வேண்டாம். எபோனைட் பேனா நிறம் வெளுத்துவிடும், பிளாஸ்டிக் நெளியும். நெயில் பாலிஷ் ரிமூவர் இன்னும் மோசம்; பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். நிப்பின் பிளவில் பிளேடு, குண்டூசி விட்டுக் குடையாதீர்கள். பிளவு அகன்றால் மை ஒழுங்காக இறங்காது.

பலரும் மூடியை மறந்துவிடுகிறார்கள். விரலில் ஒட்டும் மை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து உள்ளே சுற்றித் துடையுங்கள்.

கடைசியாக, டம்ளருக்குள் டிஷ்யூ தாளை மடித்துப் போட்டு நிப்பு கீழே பார்க்க நிறுத்துங்கள். தாளில் நிறம் ஏறுவது நின்று, ஈரமும் வடிந்த பிறகு புது மை ஊற்றலாம்.