குளிர்பாலையின் கல்லோவியங்கள்

நுழையும்முன்

பாலை என்றதும் சுடுமணலும் கொளுத்தும் வெயிலும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. பனி உறையும் பாலையும் நம் நாட்டில் உண்டு. அங்கே மலையாடுகள் பாறை முகட்டில் உலவுகின்றன. அவற்றின் உருவங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாறைகளிலும் நிற்கின்றன. உயிருள்ள ஆட்டையும் கல்லில் நிற்கும் ஆட்டையும் காணச் செல்லும் பயணமே இப்பாடம்.

பெயரும் கல்லும்

புதுச்சேரி நகரில் நெல்லித்தோப்பு என்றொரு பகுதி உண்டு. கடைகளும் வீடுகளும் நெருங்கி நிற்கும் அந்த இடத்தின் பெயரில் ஒரு தோப்பு இன்றும் வாழ்கிறது. மண்ணில் மறைந்ததைப் பெயர் காத்து வைக்கிறது. ஊர்ப்பெயரைப் போலவே பாறையும் நினைவைக் காக்கும். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் பாறைமீது தீட்டப்பட்ட செந்நிற ஓவியங்கள் அதற்குச் சான்று. புதுச்சேரியைப் போன்றே யூனியன் பிரதேசமாக விளங்கும் லடாக்கிலோ, அத்தகைய சான்றுகள் சிந்து ஆற்றின் கரை நெடுகச் சிதறிக் கிடக்கின்றன.

மழை மறந்த நிலம்

வங்கக்கடலோரப் புதுச்சேரியில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. லடாக்கின் தலைநகராகிய லே நகரில் பெய்வதோ ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். தெற்கிலிருந்து வரும் மழைமேகங்களை இமயமலைத் தொடர் தடுத்து நிறுத்திவிடுவதே இதற்குக் காரணம். பகலில் வெயில் தோலைச் சுடும். குளிர்கால இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும். முல்லையும் குறிஞ்சியும் வளம் திரிந்து பாலையாகும் என்பது தமிழர் கண்ட உண்மை. லடாக்கில் அந்தத் திரிபை ஒரே நாள் பயணத்தில் கண்ணால் காணலாம்.

ஸ்ரீநகரிலிருந்து புறப்படும் சாலை சோனாமார்க் வரை ஊசியிலை மரங்களினூடே செல்கிறது. சோஜி லா கணவாயைக் கடந்ததும் பசுமை அறுந்துவிடுகிறது. அதற்கு அப்பால் சாம்பல், பழுப்பு, ஊதா எனப் பல நிறம் காட்டும் மொட்டை மலைகளே கண்ணில் படுகின்றன. கார்கில் நகரைத் தாண்டி, 4,108 மீட்டர் உயரமுள்ள போட்டு லா கணவாயில் ஏறி, லாமாயுரு மடாலயத்தின் வழியாக இறங்கினால் கல்சே என்னும் ஊரில் சிந்து ஆறு எதிர்ப்படும். ஆற்றுநீரோ பனியுருகும் ஓடைநீரோ பாயும் இடங்களில் மட்டும் வாற்கோதுமை வயலும் பாதாமி மரமும் பச்சைத் துண்டுகளாகத் தெரிகின்றன.

இங்குப் பயணிக்கும் கடற்கரைவாசி முதலில் கற்க வேண்டியது மெதுவாக மூச்சு விடுவதை. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். ஆகவே, வந்து சேர்ந்த முதல் இரண்டு நாள்கள் ஓய்வு கொள்வது நலம். விரைந்து ஏறுவோரை அந்த மலை தலைவலியாலும் மயக்கத்தாலும் நிறுத்திவிடும்.

முகட்டில் உலவும் உயிர்கள்

வெறுமையாகத் தோன்றும் இந்நிலத்தில் உயிர்கள் நிறைந்துள்ளன. அவற்றைக் காணப் பொறுமை வேண்டும். கிழக்கே சாங்தாங் உயர்சமவெளியில் கியாங் எனப்படும் காட்டுக் கழுதைகள் கூட்டமாக ஓடுகின்றன. கோடையில் அங்குள்ள நீர்நிலைகளில் கருங்கழுத்துக் கொக்குகள் கூடு கட்டுகின்றன. சிந்து, ஷயோக் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் யூரியல் என்னும் காட்டுச் செம்மறி மேய்கிறது. செங்குத்தான பாறைகளில் வாழ்வது ஐபெக்ஸ் என்னும் மலையாடு. நம் மேற்குத் தொடர்ச்சி மலை வரையாட்டைப் போல, கால் வைக்க இடமில்லாத சரிவிலும் அது தடுமாறாமல் ஏறும். கிடாவின் கொம்புகள் முதுகை நோக்கி வளைந்து, ஒரு மீட்டருக்கும் மேல் நீள்வதுண்டு. கொம்பின் முன்புறத்தில் அடுக்கடுக்காக முடிச்சுகள் புடைத்திருக்கும்.

அந்த ஆட்டைத் தேடி வருவது பனிச்சிறுத்தை. சாம்பல் நிற உடலும் கரும்புள்ளிகளும் அதனைப் பாறையோடு பாறையாக மறைத்துவிடும். சரிவில் பாயும்போது நீண்ட வால் அதன் நிலையைச் சமன் செய்கிறது. அகன்ற பாதங்கள் பனியில் புதையாமல் காக்கின்றன. 2024ஆம் ஆண்டு வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள 718 பனிச்சிறுத்தைகளுள் 477 லடாக்கில் வாழ்கின்றன.

கல்லே ஏடாக

கல்சேக்கு மேற்கே, சிந்து ஆற்றங்கரையில் டோம்கர் என்னும் சிற்றூர் உள்ளது. ஆற்றோரப் பாறைகள் எண்ணெய் பூசியவைபோல் கருமையாக மின்னுகின்றன. காற்றில் வரும் தூசியிலுள்ள இரும்பும் மாங்கனீசும் நூற்றாண்டுக் கணக்கில் பாறையின்மீது மெல்லிய படலமாகப் படிந்ததால் வந்த மெருகு அது. கூரிய கல்லாலோ உலோகத்தாலோ அப்படலத்தைக் கொத்தினால் உள்ளிருக்கும் வெளிறிய கல் வெளிப்படும். கரும்பலகையில் சுண்ணக்கட்டி கொண்டு வரைந்ததுபோல் உருவம் எழும். கீழ்வாலையில் வண்ணம் தீட்டினர். இங்கோ வண்ணத்தை நீக்கி வரைந்தனர்.

கொத்திய இடத்திலும் காலப்போக்கில் மீண்டும் படலம் படியும். ஆகவே, ஒரே பாறையில் வெளிறிய உருவம் அண்மைக்காலத்தது என்றும், கருமை ஏறிய உருவம் பழையது என்றும் ஆய்வாளர் வேறுபடுத்துகின்றனர். மிகப் பழையவை வெண்கலக் காலத்தவை எனக் கருதப்படுகின்றன.

அவ்வுருவங்களுள் மிகுதியாகக் காணப்படுவது ஐபெக்ஸ் ஆடுதான். உடலுக்கு ஒரு கோடு, கால்களுக்குச் சிறு கோடுகள், முதுகின்மேல் வளையும் கொம்புகள், இவ்வளவே. ஆயினும், பார்த்த கணத்தில் அது ஐபெக்ஸ் என அறியலாம். வில்லேந்திய வேடர், துணைவரும் நாய்கள், காட்டு யாக், முகமூடி போன்ற வடிவங்கள் ஆகியவையும் உள்ளன. அந்த ஆடு வேட்டைப்பொருளாக மட்டும் கருதப்படவில்லை. வளத்தின் அடையாளமாகவும் மதிக்கப்பட்டது. லோசார் என்னும் புத்தாண்டு நாளில் லடாக் மக்கள் இன்றும் மாவினால் ஐபெக்ஸ் உருவம் செய்கின்றனர். சமையலறைச் சுவரிலும் மாவால் அதனை வரைகின்றனர். வாசலில் மாக்கோலம் இடும் நமக்கு அந்த வழக்கம் அயலாகத் தோன்றாது.

பலர் நடந்த பாதை

இப்பாறைகள் ஒரே காலத்தின் ஏடுகள் அல்ல. வேட்டைக்காரர் செதுக்கிய ஆட்டுக்கு அருகில் பின்வந்த பௌத்தர் தூபி வடிவங்களைச் செதுக்கினர். கல்சே அருகே பிராமி, கரோஷ்டி எழுத்துகள் காணப்பட்டன. பாங்கோங் ஏரிக்குச் செல்லும் வழியிலுள்ள தாங்சேயில், நடு ஆசியாவிலிருந்து வந்த சோக்டியர்கள் தம் மொழியில் எழுதிச் சென்றுள்ளனர். அங்கே சிலுவைக் குறிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. யாரும் வாராத மூலை என நாம் கருதும் இந்நிலம், ஒரு காலத்தில் வணிகரும் துறவியரும் நடந்த பெருவழி.

உடையும் கல்

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காற்றையும் பனியையும் தாங்கிய பாறைகள் இன்று மனிதக் கைகளைத் தாங்க முடியாமல் திணறுகின்றன. சாலைக்காகவும் பாலத்துக்காகவும் பல பாறைகள் உடைக்கப்பட்டுச் சல்லியாயின. வந்து போவோர் சிலர் பழைய ஆட்டின்மேல் தம் பெயரைக் கீறுகின்றனர், வண்ணமும் பூசுகின்றனர்.

விலங்குகள் காட்டிய வழி இங்கு நினைக்கத்தக்கது. முன்பு, பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்ற பனிச்சிறுத்தையை மேய்ப்பர்கள் பழிக்குப் பழியாகக் கொன்றனர். பின்னர்ப் பட்டிகளின் மேல் கம்பிவலைக் கூரை அமைக்கப்பட்டது. ரும்பக் முதலிய ஊர்களில் மக்கள் தம் வீட்டிலேயே பயணியரைத் தங்கவைத்து வருவாய் ஈட்டத் தொடங்கினர். பகையாக இருந்த விலங்கு ஊரின் செல்வமாயிற்று. டோம்கரிலும் ஆய்வாளரும் ஊராரும் இணைந்து கல்லோவியங்கள் உள்ள இடத்தைப் பாதுகாப்பிடமாக ஆக்கியுள்ளனர். சட்டம் எட்டாத இடத்திலும் ஊராரின் கண் காவல் நிற்கும்.

ஆயினும், இரண்டு காவலுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. காக்கப்பட்டால் ஆடு குட்டி ஈனும்; குறைந்த எண்ணிக்கை மீண்டும் பெருகும். கல்லில் நிற்கும் ஆடு ஈனாது. ஒரு பாறை சல்லியானால் அதைச் செதுக்கிய கையின் ஒரே சான்றும் அன்றே அழிகிறது. லடாக்கின் பாறைக்கும் கீழ்வாலைப் பாறைக்கும் இது பொது. அவற்றின் முன் நிற்கும் நாம் கண்ணால் மட்டும் தொட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு திரும்புவதே முன்னோர்க்குச் செய்யும் மரியாதை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் மரம், விலங்கு, நீர்நிலை ஆகியவற்றின் பெயரால் அமைந்த ஐந்து இடங்களைத் தொகுத்து, அவை இன்று அங்கு உள்ளனவா எனக் கண்டறிந்து எழுதுக.

2. வண்ணம் தீட்டிய பாறை ஓவியத்துக்கும் செதுக்கிய கல்லோவியத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. ‘சாலை வேண்டும், கல்லோவியமும் வேண்டும்’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.