பாசி எண்ணெயும் அதன் கணக்கும்

குளத்து நீரைப் பச்சையாக்கும் நுண்பாசியிலிருந்து வாகன எண்ணெய் எடுக்கலாம் என்ற செய்தியை அங்கத்தினர் பலர் படித்திருப்பர். செய்தி பொய்யன்று. ஆயினும் அதை நம்பிச் சங்கத்தின் நிலத்தையோ பங்குப் பணத்தையோ ஈடுபடுத்துமுன், அமெரிக்க நாட்டார் முயன்று கண்ட முடிவை அறிந்துகொள்ளுதல் நலம்.

எண்ணெய் நெருக்கடியால் கலங்கிய அமெரிக்க அரசாங்கம் 1978இல் இவ்வாராய்ச்சியைத் தொடங்கி, 1996 வரை நடத்தியது. சுமார் 2½ கோடி டாலர் செலவாயிற்று. ஏறத்தாழ 3,000 பாசி வகைகள் சேகரிக்கப்பட்டன.

தழைச்சத்துக் கிடைக்காத பாசியில் கொழுப்பு மிகுவதைக் கண்ட விஞ்ஞானிகள், பட்டினி போட்டால் எண்ணெய் பெருகும் என்று எண்ணினர். கொழுப்பின் விகிதம் உயர்ந்தது மெய்யே. ஆனால் பட்டினி கிடக்கும் பாசி வளர்வதில்லை. உதாரணமாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ பாசியில் எண்ணெய் 20 சதவீதமாயின் 20 கிலோ கிடைக்கும். பட்டினியால் அது 40 சதவீதமாக உயர்ந்து, விளைச்சல் 40 கிலோவாகக் குறைந்தால், கிடைப்பது 16 கிலோதான். விகிதம் இரட்டித்தும் எண்ணெய் குறைந்துவிட்டது! சோதனைச் சாலையில் அவர்கள் கண்டதும் இவ்வகை முடிவே.

நியூ மெக்ஸிகோவில் ராஸ்வெல் என்னும் ஊரில், தலா 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள இரு குளங்கள் வெட்டினர். சிற்சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் விளைந்தது. இரவுக் குளிரோ சராசரியை வெகுவாகக் குறைத்துவிட்டது. விட்ட வகை நிலைக்காமல், அவ்வூர்ப் பாசியே குளத்தைப் பிடித்துக்கொண்டது. களை வயலுக்கு மட்டும் உரியதன்று.

அறுவடையில்தான் பணம் கரைகிறது. திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீருக்குப் பாசி பெரும்பாலும் 1 கிராமும் இராது. ஆகவே ஒரு கிலோ பாசிக்கு 1,000 லிட்டருக்கு மேற்பட்ட நீரைப் பிரித்தாக வேண்டும். திட்டம் கொணர்வோரிடம் கொழுப்பின் சதவீதத்தைக் கேட்டுப் பயனில்லை. ஆண்டு முழுவதும் ஓர் ஏக்கரில் எடுத்த உலர்ந்த பாசி எவ்வளவு, அதைப் பிரிக்க ஆன மின்சாரம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

உலர்த்தாமலே பயன்கொள்ளும் வழியும் உண்டு. கலிபோர்னியாவில் ஆஸ்வால்ட் என்ற அறிஞரும் அவர் குழுவினரும், கழிவுநீரைக் குளத்தில் தேக்கிப் பாசியால் தூய்மை செய்தனர். அப்பாசியை ஈரத்தோடு காற்றில்லாத தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு எடுத்த சோதனையை 1957இல் வெளியிட்டனர். நம் சாண எரிவாயுக் கலத்தின் முறையே அது. இங்கே நீர் தூய்மையாவது முதல் வரவு, எரிவாயு உபரி. சாயப்பட்டறை நீருக்கு இதை அப்படியே கொள்ளலாகாது. சாயத்தின் நிறம் பாசிக்கு வேண்டிய ஒளியை மறைக்கும்.

வயற்கழிவின் கணக்கு வேறு. ஹரியானாவின் பானிப்பட்டில் 2022இல் திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் வடிக்கத் திட்டமிடப்பட்டது. டன்னுக்கு 150 லிட்டர் ஆகிறது. அப்பகுதியில் அறுவடைக்குப் பின் தாளை வயலிலேயே கொளுத்தும் வழக்கம் உண்டு. மாட்டுக்கு வைக்கோல் போடும் ஊர்களிலோ, தீவனத்தின் விலையையும் செலவில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.