நெய்வேலித் தோட்டத்துக் கோழிக்கு எந்தத் தீனிப்பெட்டி?

பொழுது சாய்ந்தால் கோழி அடைந்துவிடும், இருட்டில் தின்னாது. எலி அப்போதுதான் புறப்படும். ஆகவே தீனிப்பெட்டியை எதில் செய்தாலும், ராத்திரி அதன் வாயை மூட வழி உண்டா என்பதுதான் முதல் கேள்வி. மழை இரண்டாவது.

இரண்டாவது என்றாலும் லேசானதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் சாய்ந்தடித்தால் நனைந்த தீனியில் பூஞ்சை பிடிக்கும். அதைக் காயவைத்துப் போடாதீர்கள்; பூஞ்சை உதிர்ந்தாலும் அஃப்ளடாக்சின் நச்சு வெயிலில் போகாது. பெட்டி எதுவானாலும் சன்ஷேடுக்கு அடியில், சுவரை ஒட்டி, தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30இல் அடித்த தானே மாதிரிப் புயல் வந்தால் பெட்டியை வீட்டுக்குள் தூக்கி வைப்பதைத் தவிர வேறு தொழில்நுட்பம் கிடையாது.

மலிவானது நாலு அங்குல பிவிசி குழாய். ஒரு மீட்டர் துண்டின் அடியில் வளைவு, மேலே மூடி. நாலைந்து கிலோ பிடிக்கும். கோழிக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் சொச்சம் என்று வைத்தால் ஐந்து கோழிக்கு ஒரு வாரம் வரும். கம்பு, சோளம், குருணை தடையில்லாமல் இறங்கும். தவிடு கலந்தால் ஈரக்காற்றில் குழாய்க்குள்ளேயே அடைத்துக்கொள்ளும், தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாலையில் வளைவின் வாய்க்கும் ஒரு மூடி போட்டுவிடுங்கள். சுவரைத் துளைக்காமல் கம்பியால் கட்டினால், குவார்ட்டர்ஸ் மாறும்போது அவிழ்த்துக்கொண்டு போகலாம்.

காலி பெயின்ட் வாளியின் பக்கத்தில் துளையிட்டு வளைவுகளைச் செருகுவது இன்னொரு வழி. கோழி தலையை உள்ளே விட்டுத் தின்னும். சிந்துவது குறைவு, சாரலும் அதிகம் நுழையாது. ஆனால் எத்தனை துளையோ அத்தனை மூடி. ஒன்றை மறந்தால் எலிக்கு அதுவே வாசல். பிளாஸ்டிக்கைக் கடிக்கவும் அது தயங்காது. எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மூன்றாவது, மிதித்தால் திறக்கும் தகரப்பெட்டி. எண்ணெய் டின்னை வெட்டி, கீல் வைத்த மூடியையும் மிதிபலகையையும் கம்பியால் இணைப்பார்கள். கோழி ஏறி நின்றால் மூடி எழும்பும். வெளிநாட்டு அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே தடுக்க வேண்டியது கால் கிலோ, அரைக் கிலோ எலியை. நம் தோட்டத்துப் பெருச்சாளி ஒரு கிலோவரை வளரும். சிறுவிடைக் கோழியே அதைவிடச் சற்றுத்தான் கனம். எடையை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். ஆனால் பெருச்சாளி ஏறுவதில் மந்தம். மிதிபலகையை ஒன்றரை அடி உயரத்தில் திண்டின்மேல் வைத்தால் கோழி தாவி ஏறிக்கொள்ளும். தாவி வரும் வீட்டெலிக்கோ மூடியை எழுப்பக் கனம் போதாது. குஞ்சுகளுக்கு மட்டும் தனித்தட்டு வேண்டும்.

இரண்டாம் ஷிஃப்ட் போய் இரவு பத்துக்குமேல் திரும்புகிறவர், மாலையில் மூடி போட வீட்டில் ஆளில்லாதவர், தகரப்பெட்டிக்கே செலவழிக்கலாம். மற்றவர்களுக்குக் குழாய் போதும். எதை வைத்தாலும் அந்தியில் சிந்தலைக் கூட்டி அள்ளுங்கள். எலி மூத்திரம் பட்ட ஈரத்தில்தான் எலிக்காய்ச்சல் இருக்கிறது. செருப்பில்லாமல் அங்கே நிற்காதீர்கள்.