பிள்ளையின் மனமும் பேசும் மொழியும்

"பேசினால் மனக்கஷ்டம் தீருமா? நாலு நல்ல வார்த்தை நாமே சொன்னால் போதாதா?" பிள்ளையை ஆலோசகரிடம் அழைத்துப் போகச் சொன்னால், மட்டாஞ்சேரியில் நம் பெற்றோர் பலரும் என்னிடம் கேட்பது இதுதான். நியாயமான கேள்வி. விடையைப் பார்ப்போம்.

10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம். இந்த வயதினரில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஆகவே இது எங்கோ யார் வீட்டிலோ நடப்பதன்று. தூக்கமின்மை, ஓயாத எரிச்சல், நண்பர்களை ஒதுக்குதல் போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடக் கூடாது.

ஆலோசனை வேறு, புத்திமதி வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறையைப் பாருங்கள். தேர்வில் தோற்ற பையன், 'என் வாழ்க்கையே முடிந்தது' என்று எண்ணுகிறான். நாம் 'கவலைப்படாதே' என்போம். ஆலோசகரோ, அந்த எண்ணம் சரிதானா என்று அவனையே சோதித்துப் பார்க்கச் செய்வார். தோற்ற எல்லாருக்கும் வாழ்க்கை முடிந்துவிட்டதா? இனி என்ன வழி? ஓராண்டு வீணாகாமல் மீண்டும் எழுத, கேரளத்தில் 'சே' தேர்வு இருப்பதை அவனே சொல்வான். பிறர் சொன்ன ஆறுதலைவிடத் தானே கண்ட விடை நிலைக்கும். சிலருக்கு மருந்தும் தேவைப்படலாம். அதை மனநல மருத்துவர் முடிவு செய்வார்.

நமக்கு மொழிச் சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அம்மாவின் கோபம் ஒரு மொழியில், தோழர்களின் கேலி மற்றொன்றில். எதில் பேசுவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். மொழிபெயர்க்க நாம் பக்கத்தில் உட்கார்ந்தால், பிள்ளை பாதியை விழுங்கிவிடும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் மொழியைத் தேர்ந்து பேசலாம். தமிழும் மலையாளமும் உண்டு. எண் 14416, கட்டணம் இல்லை.

'வெளியே தெரிந்தால் நாளை வரன் அமையுமா?' என்ற அச்சமும் புரிகிறது. பிள்ளை சொன்னதை ஆலோசகர் ஊரில் சொல்லமாட்டார். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் பெற்றோரிடம் சொல்வார். பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தாக வேண்டும். வீட்டில் நாமும் "அங்கே என்ன சொன்னாய்?" என்று துருவ வேண்டாம்.

ஒன்று முக்கியம். 'சாக வேண்டும் போலிருக்கிறதா?' என்று கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பயப்படாதீர்கள். அமைதியாக, நேராகவே கேளுங்கள். 'ஆம்' என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய 'சினேகா' அமைப்பின் தொண்டர்கள் செய்துவருவதும் பொறுமையாகக் காது கொடுப்பதைத்தான். அதற்குப் பட்டம் வேண்டாம். இன்றிரவு சாப்பாட்டு நேரத்திலேயே நம் வீட்டிலும் தொடங்கலாம்.